அவசரக்குடுக்கையும் ஐந்து புள்ளிகளும்

திரையில் பச்சை நிற வேற்றுக்கிரகவாசி தலைகாட்டியதும் சட்டென்று பொத்தானை அழுத்திப் பிடித்துவிட வேண்டும். இடையிடையே கறுப்பு நிறத்தில் ஒருவன் வருவான். அவனைத் தொடவே கூடாது. பச்சை அடிக்கடி வருவதால் கை அழுத்தியே பழகிவிடும். கறுப்பு வரும்போது பாய்கிற விரலை இழுத்துப் பிடிப்பதுதான் சவால். இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஹாலிஸும் சக ஆய்வாளர்களும் ஏ.டி.எச்.டி. உள்ள சிறார்களை இதை விளையாட வைத்து, அந்நேரத்தில் மூளை என்ன செய்கிறது என்று ஸ்கேன் கருவியில் பார்த்தார்கள்.

கவனம் நிலைக்காமை, ஓயாத துறுதுறுப்பு, யோசிப்பதற்கு முன்பே செய்துவிடும் வேகம் ஆகியவை ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும் குறைபாடு ஏ.டி.எச்.டி. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வதும், தன் முறை வரும்வரை பொறுக்க முடியாமல் முண்டியடிப்பதும் இந்த மூன்றாவது வகை. வீட்டில் அதற்குக் கிடைக்கும் பட்டம் ‘அவசரக்குடுக்கை’.

நாட்டிங்காம் விளையாட்டில் முதலில் சரியாகச் செய்தால் ஒரு புள்ளி. தவறினால் ஒரு புள்ளி போகும். பிறகு பந்தயத்தை ஏற்றினார்கள். கறுப்பு ஆளை விட்டுவைத்தால் ஐந்து புள்ளி வரவு, பிடித்துவிட்டால் ஐந்து புள்ளி நஷ்டம். நாம் சும்மா இருக்கும்போதும் நினைவுகளில் அலையும்போதும் மூளையில் விழித்திருக்கும் ஒரு வலைப்பின்னல் உண்டு. வேலையில் இறங்கியதும் அது அடங்க வேண்டும். மாத்திரை சாப்பிடாத ஏ.டி.எச்.டி. சிறார்களிடம், ஒரு புள்ளிப் பந்தயத்தில் அது போதுமான அளவு அடங்கவில்லை. ஐந்து புள்ளிப் பந்தயத்தில் மற்ற பிள்ளைகளைப் போலவே அடங்கியது. மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எடுத்துக்கொண்ட நாளிலோ ஒரு புள்ளியே போதுமானதாக இருந்தது. 2011இல் வெளிவந்த முடிவு இது.

“வீடியோ கேம்னா மணிக்கணக்கா உட்காருறான், வீட்டுப்பாடம்னா அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டேங்கிறான். இது திமிர்தானே டாக்டர்?” என்று கேட்கும் பெற்றோருக்கு இதில் பதில் இருக்கிறது. கேம் நொடிக்கு நொடி ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வீட்டுப்பாடத்தின் பலன் என்றைக்கோ வரப்போகும் மதிப்பெண். தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் இந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. சில்லறைப் பலனுக்கு அது எழுந்து வருவதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பரிசைப் பெரிதாக்கினால் போதுமா? போதாது. இதைப் புரிந்துகொள்ள, எட்மண்ட் சோனுகா-பார்க் 1992இல் வெளியிட்ட ஆய்வுக்குப் போக வேண்டும். என் கணக்கில் இந்தத் துறையிலேயே அழகான சோதனை இதுதான். சற்றே பொறுத்தால் சிறிய பரிசு, நெடுநேரம் பொறுத்தால் பெரிய பரிசு, எது வேண்டும்? துறுதுறுப்பு மிகுந்த பிள்ளைகள் எதிர்பார்த்தபடியே சிறியதை எடுத்துக்கொண்டார்கள். ஆசையை அடக்கத் தெரியவில்லை என்று அத்தோடு முடித்திருக்கலாம். அவர் ஒரு சின்ன மாற்றம் செய்தார். சிறிய பரிசை எடுத்தாலும் அதன் பிறகு மீதி நேரம் காத்திருந்தால்தான் அடுத்த சுற்று. எதை எடுத்தாலும் மொத்த நேரம் ஒன்றே. இப்போது அதே பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே பெரிய பரிசுக்காகக் காத்திருந்தார்கள்!

ஆக, அவர்கள் சிறிய பரிசை நோக்கி ஓடவில்லை. காத்திருப்பை விட்டுத்தான் ஓடினார்கள். சும்மா இருக்கும் நேரம் அவர்களுக்கு அத்தனை கசக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள எல்லோரும் இப்படியல்ல என்றும் பின்னர் அவரே எழுதினார். சிலருக்குத் தன்னை நிறுத்திக்கொள்வது சிரமம், சிலருக்குக் காத்திருப்பது சிரமம், சிலருக்கு இரண்டும்.

காத்திருப்பு ஏன் கசக்கிறது என்பதற்கு, மூளைச் செல்கள் சமிக்ஞை அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வைத்து ஒரு விளக்கம் உண்டு. குரங்குக்கு ஒளி காட்டிப் பழச்சாறு கொடுத்தார் நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். முதலில் சாறு நாவில் படும்போது துடித்த டோபமைன் செல்கள், பழகிய பிறகு ஒளியைக் கண்டதுமே துடித்தன. சம்பளத்துக்கு முன் கிடைக்கும் அட்வான்ஸ் போல, பரிசு வரும் முன்பே மூளை கொஞ்சம் கொடுத்துவிடுகிறது. மீதிக்காகக் காத்திருக்க அது உதவுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு இந்த முன்கூட்டிய சமிக்ஞை பலவீனமாக இருக்கலாம் என்று கெயில் டிரிப்பும் ஜெஃப் விக்கன்ஸும் 2008இல் முன்வைத்தார்கள். இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் காணும் நடத்தையோடு நன்றாகப் பொருந்துகிறது.

முழுப் பரீட்சையில் முதல் ரேங்க் எடுத்தால் சைக்கிள் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாததன் காரணமும் இங்கேதான். சைக்கிள் சின்னதல்ல, தூரத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் எழுதியதும் ஒரு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரத்துக்கு மாலையில் அரை மணி கூடுதல் விளையாட்டு என்பது நடக்கும். ஏ.டி.எச்.டி. உள்ள சிறார்களுக்காக உளவியலாளர் வில்லியம் பெல்ஹாம் அமெரிக்காவில் 1980இல் தொடங்கிய கோடை முகாம்கள் இந்த முறையில்தான் இயங்குகின்றன: நாள் முழுக்க நல்ல செயலுக்கு உடனுக்குடன் புள்ளி சேரும், மீறினால் கழியும்.

“பிள்ளைக்கு லஞ்சம் கொடுத்தா பழக்குறது?” என்று தாத்தா பாட்டிகள் கேட்பார்கள். தவறு செய்வதற்குக் கொடுப்பதுதான் லஞ்சம். இது செய்த வேலைக்கு அன்றன்றே கிடைக்கும் கூலி.

புள்ளி முறையை மட்டும் நம்பி மருத்துவரை ஒதுக்குவது சரியல்ல. 579 சிறார்களைக் கொண்டு நடந்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கவனச்சிதறலையும் துறுதுறுப்பையும் குறைப்பதில் புள்ளி முறை போன்ற நடத்தைப் பயிற்சியைவிடக் கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மாத்திரையே முந்தியது. அதே ஆய்வில் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. அட்டவணை போட்டு நட்சத்திரம் ஒட்டும் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பரிசை நிறுத்தினால் பலனும் மங்கும், ஒரே பரிசு சில வாரங்களில் அலுக்கும். அலுக்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. எதற்கு மாற்றலாம் என்பதைப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம்.