சர்வரிலா நிரல்களின் தானியங்கு வெளியீடும் புதுப்பித்தலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பங்கு வணிகம் நடத்திவந்த நைட் கேப்பிடல் என்னும் நிறுவனம், 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் தன் எட்டுக் கணிப்பொறிகளில் ஒரு புதிய நிரலை ஏற்ற முற்பட்டது. ஏழு பொறிகளில் நிரல் ஏற்றப்பட்டது. தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் எட்டாவது பொறி விடுபட்டுப்போயிற்று. அதனைச் சரிபார்க்க இரண்டாமவர் எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. ஆகஸ்டு 1-ஆம் நாள் காலையில் சந்தை திறந்ததும், எட்டாவது பொறியில் எஞ்சியிருந்த பழைய நிரற்பகுதியொன்று, 2003-ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டினின்று நீங்கியது, மீண்டும் உயிர்பெற்று ஓயாமல் வாங்கவும் விற்கவும் தொடங்கிற்று. 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் ஏறத்தாழ 40 லட்சம் பேரங்கள் முடிந்தன. இழப்பு 46 கோடி டாலருக்கும் மேற்பட்டது.

இத்தகைய விபத்துக்கு இடங்கொடாத வகையில், நிரல் வெளியீட்டை மனிதன் கையினின்று எடுத்துப் பொறியிடமே ஒப்படைக்கும் முறை இன்று பெருவழக்காகியுள்ளது. சர்வரிலா முறை எனப்படும் ஏற்பாட்டில் இது மிகத் தெளிவாகப் புலப்படுவதால், அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சர்வர் என்றதும் நம்மவர்க்கு உணவு விடுதியில் பரிமாறுபவரே நினைவுக்கு வருவார். ஒப்புமை முற்றிலும் பொருந்தாததன்று. கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துத் தரும் கணிப்பொறியே சர்வர். சர்வரிலா முறை என்ற பெயரோ சற்று மயக்கந் தருவது. சர்வர்கள் இருக்கவே செய்கின்றன. அவற்றை வைத்துப் பேணும் பொறுப்பு மட்டுமே நம்முடையதன்று. சமையற்கூடம் பிறருடையது, சமையற்குறிப்பு நம்முடையது எனலாம். விருந்தினர் வந்தால் அடுப்பு மூட்டப்பெறும். எரிந்த நேரத்துக்கு மட்டும் கட்டணம். அமேசான் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்த லாம்டா என்னும் சேவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அதில் ஒரு நிரல் ஒரு முறை அழைக்கப்பட்டால் 15 நிமிடங்களுக்கு மேல் ஓட இயலாது.

இனி வெளியீடு நிகழும் வகையைக் காண்போம். நிரலாளர் தம் மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்த மாத்திரத்தில், ஒரு தொகுப்புப் பொறி அதனை எடுத்துக்கொள்கிறது. முன்னரே எழுதிவைத்த சோதனைகளை நடத்துகிறது. ஒன்றேனும் தவறினால் அங்கேயே நின்றுவிடுகிறது. அனைத்தும் தேறினால் நிரல் ஒரே பொதியாகக் கட்டப்படும். அப்பொதிக்கு 256 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண் கணக்கிடப்படுகிறது. பொதியில் ஓர் எழுத்து மாறினும் எண் வேறாகிவிடுமாதலால், சோதித்த பொதியும் வெளியிட்ட பொதியும் ஒன்றுதானா என்பதை ஐயமின்றி அறியலாம். இப்பொதி ஒரு பதிப்பெண் பெற்று ஒரே கிடங்கில் வைக்கப்படுகிறது. பின்னர் அப்பதிப்பின் நிரலை எவரும் திருத்த இயலாது. நிரலை ஓட்டும் பொறிகள் யாவும் அக்கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. எட்டாவது பொறியை மறந்துவிடுதல் இங்கே நிகழாது.

பயன்படுத்துவோர் பதிப்பெண்ணை அறிவதில்லை. அவர்கள் அழைப்பது ஒரு மாற்றுப்பெயரை. பள்ளிக்கு வரும் கடிதம் ‘தலைமையாசிரியர்’ என்றே முகவரியிடப்படுகிறது. அப்பதவியில் இன்று யார் இருக்கிறாரோ அவரிடம் அது சேரும். பதிப்புகள் ஆட்கள், மாற்றுப்பெயர் பதவி. புதிய பதிப்பை வெளியிடுதல் என்பது பதவியில் ஆளை மாற்றுவதேயன்றி வேறன்று. பழையவர் நீக்கப்படாமல் அருகிலேயே இருப்பதால், தேவைப்பட்டால் அவரை நொடியில் திரும்ப அமர்த்தலாம். ஒரே பதவியில் ஒரே காலத்தில் இருவரை அமர்த்தும் வசதி அலுவலகங்களில் இல்லை, லாம்டாவில் உண்டு. நூற்றுக்குப் பத்து அழைப்புகளைப் புதிய பதிப்புக்கும், எஞ்சியவற்றைப் பழையதற்கும் அனுப்பி, ஐந்து நிமிடம் பிழைகளின் எண்ணிக்கையைக் கவனித்து, வரம்பு மீறாவிடின் முழுவதையும் மாற்றுமாறு பணிக்கலாம். மீறினால் பொறி தானே பழைய பதிப்புக்கு மீள்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை முன்னறியக் கேனரிப் பறவையைக் கொண்டுசென்ற வழக்கத்தையொட்டி, இதற்குக் கேனரி வெளியீடு என்று பெயர்.

ஆயினும் பொறி மீட்டுத் தருவது நிரலை மட்டுமே. அந்நிரல் எழுதிவைத்த தரவை அன்று. களப்பணியாளர் கைப்பேசி வழியே நிலப்பரப்பைப் பதிவு செய்வதாகக் கொள்வோம். பழைய பதிப்பு ஏக்கரிலும் புதிய பதிப்பு ஹெக்டேரிலும் அதே கட்டத்தில் எண்ணை எழுதுமாயின், அந்த ஐந்து நிமிடத்தில் பதிவான ‘2’ என்பதன் பொருள் யாது? ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். பிழை எச்சரிக்கை எதுவும் எழாது. பட்டியலில் எண்கள் ஒழுங்காகவே தோன்றும். பழைய பதிப்புக்கு மீண்டாலும் அப்பதிவுகள் திருந்துவதில்லை.

நைட் கேப்பிடலில் நேர்ந்ததன் மற்றொரு பாதி இதுவே. புதிய நிரலை இயக்கப் பயன்படுத்திய குறி, பழைய நிரற்பகுதியை இயக்கிவந்த அதே குறி. ஒரு குறிக்கு இரு பொருள். குழப்பத்தின் நடுவே, சரியாக ஏற்றியிருந்த ஏழு பொறிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். அதனால் பழைய பகுதி அவற்றிலும் இயங்கி, நிலைமை மேலும் கெட்டது.

எனவே தரவின் வடிவை மாற்றும்போது வெளியீட்டைப் பல படிகளாகப் பகுப்பர். முதலில் ஹெக்டேருக்கெனத் தனிக் கட்டம் ஒன்று சேர்க்கப்படும். அடுத்து, இரு கட்டங்களையும் படிக்கவல்ல பதிப்பு வெளியாகும். அது எங்கும் நிலைபெற்ற பின்னரே புதிய கட்டத்தில் எழுதும் பதிப்பு வரும். பழைய கட்டத்தை நீக்குவது கடைசி வெளியீடு. அதற்குள் சில வாரங்கள் கழிவதும் உண்டு. ஒவ்வொரு படியையும் பொறி நிறைவேற்றும். படிகளை இவ்வரிசையில் வகுப்பது நிரலாளர் செய்யவேண்டிய பணி.