குடிதண்ணீரில் மருந்து கலக்கும் பம்பு

ஒரே லயத்திலிருந்து இரண்டு மூன்று தாய்மார்கள், வயிற்றுப்போக்கு என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் வந்தால், டிரசர் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? “பம்பு ஹவுசில் மருந்து இறங்குதா?” என்பதுதான். பம்புக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். நிறைய இருக்கிறது.

அரசாங்கக் குழாய் வந்துவிட்ட தோட்டங்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஆற்றிலோ குளத்திலோ எடுத்துத் தாங்களே சுத்தம் செய்து விடும் தோட்டங்களில், குளோரின் கலப்பது ஒரு சின்னப் பம்பு. ‘டோசிங் பம்பு’ என்பார்கள். தண்ணீர் இறைக்கும் பெரிய பம்பு போல இரையாது. சுவர்க் கடிகாரம் மாதிரி ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டிருக்கும்.

வாளியில் மொண்டு ஊற்றினால் ஆகாதா? ஊற்றிய நேரத்துக்கு மூக்கைத் துளைக்கும். சாயங்காலம் தண்ணீரில் மருந்தே இருக்காது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகருக்கு 1908-ல் டாக்டர் ஜான் லீல் குளோரின் கலந்த தண்ணீர் கொடுத்தபோதும், ஓடுகிற தண்ணீருக்குத் தக்கபடி மருந்தும் சீராக விழவேண்டும் என்பதே முக்கிய வேலையாக இருந்தது.

ஊசி போடும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இழுத்தால் மருந்து ஏறும், அமுக்கினால் இறங்கும். இந்தப் பம்பும் அதையேதான் செய்கிறது. ஆனால் தள்ளும் கம்பி மருந்தைத் தொடாது, தொட்டால் குளோரின் அரித்துவிடும். அதனால் நடுவே டெஃப்லான் பூசிய வட்டமான ரப்பர் சவ்வு ஒன்று இருக்கும். மின்காந்தம் கம்பியைத் தள்ளும்போது சவ்வு முன்னே வளைந்து, அறையிலுள்ள மருந்தை வெளியேற்றும். கரண்டு விட்டதும் ஸ்பிரிங் பின்னே இழுக்கும், புது மருந்து உள்ளே ஏறும். சில பம்புகளில் மின்காந்தத்துக்குப் பதில் மோட்டார் இருக்கும்.

அறைக்குக் கீழே ஒரு வால்வு, மேலே ஒரு வால்வு. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குண்டு உட்கார்ந்திருக்கும். மருந்து ஏறும்போது கீழ்க்குண்டு எழும்பி வழிவிடும், மேல்குண்டு அடைத்துக்கொள்ளும். தள்ளும்போது மாறி நடக்கும். நம் இருதயத்திலும் ரத்தம் பின்னால் திரும்பாமல் இருப்பது வால்வுகளால்தான். மருந்து டிரம்மின் அடியில் வடிகட்டி வைத்த இன்னொரு வால்வும், மருந்து தண்ணீர்ப் பைப்பில் கலக்கும் இடத்தில் மற்றொன்றும் உண்டு.

அளவை மாற்ற இரண்டு திருகு: சவ்வு எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதற்கு ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதற்கு ஒன்று. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 5,000 லிட்டர் தண்ணீர் போகிறது, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால், மணிக்கு 10 கிராம். 1 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 10 கிராம் இருப்பதால் மணிக்கு ஒரு லிட்டர் போனால் போதும். நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஓர் அடிக்கு ஏறக்குறைய மூன்று சொட்டு! லயம் முழுவதின் ஆரோக்கியமும் அந்த மூன்று சொட்டில் இருக்கிறது.

இதில் ஒரு வம்பு உண்டு. மருந்து தீர்ந்தாலும் பம்பு ‘டிக் டிக்’ என்றுதான் அடிக்கும். குளோரின் கரைசல் தானாகவே வாயு விடும். அந்தக் காற்று அறையில் அடைபட்டால், சவ்வு காற்றை அமுக்கி அமுக்கி விடுமே தவிர மருந்து ஒரு சொட்டும் நகராது. வால்வில் சுண்ணாம்பு போலப் படிந்தால் குண்டு சரியாக உட்காராது. வெயிலில் கிடந்த டிரம்மில் மருந்தின் வீரியம் போய்விடும். மழைக்குப் பிறகு வரும் கலங்கல் தண்ணீரோ, மருந்தையெல்லாம் தின்றுவிடும். சத்தத்தை நம்பாதீர்கள். கடைசி லயத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, டிபிடி மாத்திரை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரோஜா நிறம் வரவேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கவேண்டும்.

“தண்ணி வாடை அடிக்குது, கொஞ்சம் குறைச்சு வை தம்பி” என்று பம்புக்காரரிடம் சொல்கிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. குடத்தில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால் வாடை தணியும். திருகைக் குறைத்தால் கிருமிதான் பிழைக்கும். வாடை தாங்க முடியாமல் இருந்தால் டிரசரிடம் சொல்லுங்கள், சோதித்துப் பார்க்கலாம்.

பம்பு ஹவுசில் வேலை பார்க்கும் தோழர்களே! பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டையும், பால் கெடாமல் இருக்க ஊற்றும் அமோனியாவையும் குளோரின் மருந்தோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். ஆசிட்டால் வால்வைக் கழுவும் வழக்கம் சிலரிடம் உண்டு. மிச்சக் குளோரினோடு ஆசிட் கலந்தால் விஷவாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். அமோனியா பட்டாலும் ஆபத்தான வாயுதான். கண்ணில் மருந்து தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கண்ணாடியும் கையுறையும் கேட்டு வாங்குங்கள்.

தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம் சொல்கிறது. பம்பு பழுது என்றால் கிராணியிடம் வாயால் சொன்னதோடு விடாமல், தலைவர் மூலம் எழுதிக் கொடுங்கள். சரியாகும் வரை, குடிக்க, பால் கரைக்க, பல் துலக்க எல்லாவற்றுக்கும் தண்ணீரைக் குமிழி விட்டுக் கொதிக்கும் வரை காய்ச்சி, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். காய்ச்சாத தண்ணீரில் உறையவைத்த ஐஸ் கட்டியும் வேண்டாம்.