முதல்வரைத் தோற்கடித்த தொகுதி

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2013 மே மாதம் ஒரு விநோதம் நடந்தது. முதல்வர் கிறிஸ்டி கிளார்க்கின் லிபரல் கட்சி, கருத்துக்கணிப்புகளைப் பொய்யாக்கி ஆட்சியைத் தக்கவைத்தது. ஆனால் அவர் நின்ற வான்கூவர்-பாயிண்ட் கிரே தொகுதி அவரைக் கைவிட்டது. 2011 இடைத்தேர்தலில் அவரிடம் சில நூறு வாக்குகளில் தோற்ற வழக்கறிஞர் டேவிட் எபி, இம்முறை வென்றார்.

மாகாணத்தை வென்றவர் தன் தொகுதியில் தோற்பது எப்படி? விடை வாக்காளர் மனதில் மட்டுமில்லை, தேர்தல் விதிகளிலும் இருக்கிறது. அந்த விதிகள் என்ன செய்யும் என்பதற்கு இந்தத் தொகுதியே நல்ல ஆய்வுக்கூடம்.

1933 தேர்தலில் உருவான பாயிண்ட் கிரே, ஒருவரை அல்ல, மூவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. எதிரணி சிதறிக்கிடந்தால், 40 சதவீத ஆதரவுள்ள கட்சிகூட மூன்று இடங்களையும் அள்ளிவிடலாம். அந்நாளில் இந்திய, சீன வம்சாவளியினருக்கு ஓட்டுரிமையே இல்லை. அது 1947இல்தான் கிடைத்தது. ஜப்பானிய வம்சாவளியினரும் பூர்வகுடிகளும் 1949 வரை காத்திருந்தார்கள்.

1952இல் ஓட்டுச்சீட்டே மாறியது. இடதுசாரிகளைத் தடுக்க, அதுவரை கூட்டாக ஆண்ட லிபரல்களும் கன்சர்வேடிவ்களும் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்திருந்தனர். வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். பாயிண்ட் கிரேயில் மூன்று இடங்களுக்கும் தனித்தனி ஓட்டுச்சீட்டு. இரு கட்சியினரும் இரண்டாம் விருப்பத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்வார்கள் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. இரண்டாம் விருப்பங்கள் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்குப் பாய, அது 48 இடங்களில் 19ஐப் பிடித்து ஆட்சியமைத்தது. கன்சர்வேடிவ் கட்சியை விட்டு அங்கே போன பாயிண்ட் கிரே உறுப்பினர் டில்லி ரோல்ஸ்டன் கல்வி அமைச்சரானார். கனடாவில் தனித் துறையொன்றை ஏற்ற முதல் பெண் அமைச்சர் அவர். 1953இல் மீண்டும் ஒரு தேர்தலைச் சந்தித்த பிறகு, அந்த முறையால் பதவிக்கு வந்தவர்களே அதைத் தூக்கியெறிந்தார்கள்.

1966இல் இடங்கள் இரண்டாகக் குறைந்தன. மூளை ஆய்வாளர் பாட் மெக்கீரும் வழக்கறிஞர் கார்ட் கார்டமும் லிபரல்களாக வென்று, பின்னர் இருவருமே சோஷியல் கிரெடிட்டுக்குத் தாவினார்கள். 1986இல் இன்னும் சுவாரசியம்: தொகுதி ஒரே நாளில் எதிரும் புதிருமான இருவரைத் தேர்ந்தெடுத்தது. சோஷியல் கிரெடிட்டின் கிம் காம்பெல், புதிய ஜனநாயகக் கட்சியின் டார்லீன் மார்சாரி. கிம் காம்பெல் 1993இல் கனடாவின் முதல் பெண் பிரதமரானார்.

1991 முதல் மாகாணமெங்கும் தொகுதிக்கு ஒரே உறுப்பினர். அதனால் 1986போல இரு தரப்பையும் அனுப்பும் வழி 2013இல் இல்லை. இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றுமில்லை. கிளார்க்குக்காக வெஸ்ட்சைட்-கெலோனா உறுப்பினர் பதவி விலக, அங்கே இடைத்தேர்தலில் வென்றே அவர் அவைக்குத் திரும்பினார்.

எபி 2022இல் முதல்வரானார். முன்னாள் முதல்வர்கள் கோர்டன் காம்பெல், கிளார்க் வரிசையில் பதவியிலிருந்தபோது பாயிண்ட் கிரேயின் உறுப்பினராகவும் இருந்த முதல்வர் அவர். கிளார்க்கைக் கவிழ்த்த, தொகுதிக்கு ஒருவர் என்ற அதே விதிதான் அவருக்கும்; ஒவ்வொரு தொகுதியும் முக்கியம். 2024இல் அவர் கட்சி 93 இடங்களில், பெரும்பான்மைக்குச் சரியாகத் தேவையான 47ஐ மட்டுமே வென்றது. அந்த 47இல் ஒன்று பாயிண்ட் கிரே.