மருந்துக் கலவையாளரின் பணி

வைத்தியசாலை என்றவுடன் வைத்தியரும் தாதியரும் நினைவுக்கு வருவர். சிறு சாளரமொன்றின் பின்னே நின்று மருந்து வழங்குபவரை நினைப்போர் சிலரே. துண்டைக் கொடுத்துப் பொதியைப் பெற்றுத் திரும்பும் அளவிலே நோயாளர் அவரோடு கொண்ட தொடர்பு முடிந்துவிடுகிறது. எனினும், வைத்தியர் எழுதிய எழுத்து மருந்தாகி நோயாளரின் கையை அடையுமுன், அதிற் பிழையுண்டோ என்று பார்க்கும் கடைசிக் கண் அவருடையதேயாகும்.

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கடல்நீரேரியை அடுத்து அமைந்திருப்பது பூநகரி. நெற்செய்கையும் மீன்பிடியும் அதன் முதன்மைத் தொழில்கள். 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் யாழ்ப்பாணம் செல்லும் பாதை எளிதாயிற்று. ஆயினும் பெரிய வைத்தியசாலையை நாடுவோர் பாலங் கடந்தோ, பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கோ இன்றும் நெடுவழி செல்லவேண்டும். இத்தகைய ஊரில், மருந்தறையில் ஒரு மருந்து இல்லையென்றால் அதனை அடுத்த தெருவில் வாங்கிவிட இயலாது. ஆதலின் மருந்தறைப் பொறுப்பு நகரத்தினும் இங்கே கனமுடையது.

இப்பணிக்கு இப்பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. நீரேரிக்கு அப்பால், மானிப்பாயில், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழிற் கற்றவர் தம் கிராமங்களிலேயே தங்கிப் பணிபுரிவர் என்பது அவர் எண்ணம். இரசாயனத்தை விளக்கும் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இல் அவர் முயற்சியால் வெளிவந்தது. அக்காலத்தில் மருந்துச் சரக்குகளைத் தராசில் நிறுத்து, கல்வத்தில் அரைத்து, நீரிற் கலந்து போத்தலில் ஊற்றிக் கொடுப்பதே மருந்தறையின் பெரும் வேலை. கலவையாளர் என்னும் பெயர் அத்தொழிலைக் குறித்தது.

இன்று குளிசைகளும் பாணி மருந்துகளும் தொழிற்சாலையிலிருந்தே ஆயத்தமாக வருகின்றன. அப்படியாயின் எண்ணிக் கொடுப்பதுதானே எஞ்சிய வேலை என்று ஒருவர் வினவலாம். மெற்போமின் நீரிழிவுக்குரியது, மெற்றோனிடசோல் சிலவகைக் கிருமித்தொற்றுக்குரியது. இரண்டின் பெயரும் ஒரே ஓசையில் தொடங்குகின்றன. இரண்டிலும் 500 மில்லிகிராம் குளிசைகள் உண்டு. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்று மாறினால் நோய் தீராததோடு புதுத் தீங்கும் விளையும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதோற்றெக்சேற் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ளத்தக்கது. அதனை நாள்தோறும் விழுங்கினால் இரத்த அணுக்களின் உற்பத்தி குன்றி உயிருக்கே ஆபத்து நேரும்.

குழந்தைகளுக்கு அளவு இன்னும் நுட்பமானது. பரசிற்றமோலை ஒரு கிலோ உடல் நிறைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒருவேளைக்குக் கொடுப்பது வழக்கம். 10 கிலோ நிறையுள்ள குழந்தைக்கு அது 100 முதல் 150 மில்லிகிராம் ஆகும். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் கொண்ட பாணியில் 5 மில்லிலீற்றர் போதும். வீட்டுக் கரண்டிகள் அளவில் வேறுபடுவன. ஆகையால் அளவுக்கிண்ணத்தால் அளக்கும்படி தாய்க்குக் காட்டிக் கொடுக்கவேண்டும். துண்டில் ஐயம் எழுந்தால் கலவையாளர் தாமாக அதனைத் திருத்துவதில்லை. வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே மருந்தை எடுக்கிறார்.

காவற் பணியும் அவருடையதே. இன்சுலினும் தடுப்பூசி மருந்துகளும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். வன்னியின் வெயிலும் மின்தடையும் அவற்றுக்குப் பகை. இன்சுலின் உறைந்துவிட்டாலும் பயனற்றுப் போகும். முதலிற் காலாவதியாகும் மருந்து முதலில் வெளிச்செல்லுமாறு அடுக்கி, குறையுமுன்னரே அடுத்த தேவையைக் கணித்துக் கேட்டெழுதவேண்டும். வயல்வேலை மிகுந்த காலத்தில் பாம்புக்கடியும் நேர்வதுண்டு. அதற்குரிய நச்சுமுறி மருந்து ஒரு குப்பியோடு முடிவதன்று. ஒருவருக்கே பத்து அல்லது இருபது குப்பிகள் தேவைப்படலாம். அம்மருந்தினால் கடும் ஒவ்வாமை ஏற்படக்கூடுமாகையால் அட்றினலினும் அருகில் இருக்கவேண்டும். நள்ளிரவில் உழவரொருவர் கொண்டுவரப்படும்போது குப்பிகள் உண்டா, இல்லையா என்பது சில வாரங்களுக்கு முன் எழுதிய கணக்கைப் பொறுத்திருக்கிறது. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை எங்கும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, இருப்புக் கணக்கின் அருமையை நாடே உணர்ந்தது.

எல்லாவற்றுக்கும் பின் எஞ்சியிருப்பது சொல். ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று உறையில் எழுதுவதோடு பணி நிறைவுறாது. எழுத்தறியாத முதியவருக்குச் சூரியனையும் நிலவையும் வரைந்து காட்டலாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்டு, அவர் விளங்கிக்கொண்டதை உறுதி செய்யலாம்.

நோயாளருக்கும் இதிற் கடமையுண்டு. முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்து எது, வீட்டில் உட்கொண்டுவரும் பிற மருந்துகள் எவை, கருவுற்றிருப்பதுண்டா என்பவற்றைச் சாளரத்திலே கூறிவிடல் வேண்டும். பொதியைப் பிரித்துப் பார்த்து, வழக்கமான குளிசையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் அங்கேயே வினவல் வேண்டும். வரிசை நீண்டிருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு வினாவுக்குச் செலவாகும் நிமிடம், பின்னால் நிற்பவருக்கும் பாதுகாப்பேயாகும்.