ஆர்க்டிக் கடலில் மிதந்த மயிலாப்பூர்

உள்ளே வந்துவிட்டோம்! செருப்பை அந்த மூலையில் விட்டுவிட்டு, தரையில் ஓடும் ஒயரைத் தாண்டி வாருங்கள். சென்னைக்கு மழைக்கால வரைபடம் போடுகிறவர்களின் அறை இது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கலாம், எந்த வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும் வரைபடம். அச்சாகி வந்தபின் ஊரே பார்க்கும். அதற்கு முன்னால் அது படும் பாட்டைப் பார்க்க இன்றைக்கு நமக்கு வாய்த்திருக்கிறது!

மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் குடைகளோடு குடைகளாகச் சுருட்டி வைத்த பழைய வரைபடங்கள். மேசையில் எண்ணெய் ஊறிய வடைத் தாள். ஏ.சி. பேருக்கு ஓடுகிறது, எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழுவை நடத்துகிறவரை எல்லோரும் அக்கா என்கிறார்கள். ஸ்கிரிப்ட் எழுதும் இளைஞன் தம்பி. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர் சார். அவருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வரியும் எழுதத் தெரியாது. அவர் இல்லாமல் இந்த அறையில் ஒரு வரைபடமும் வெளியே போகாது.

சுவரைப் பாருங்கள், எனக்கு இங்கே ரொம்பப் பிடித்த இடம் அதுதான். ‘தப்புக் கண்காட்சி’ என்று பேனாவால் எழுதி, தப்பாக வந்த வரைபடங்களை வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். முதல் தாளில் உலகம் முழுக்க நீலம். ஒரு கால்வாயைச் சுற்றி 500 மீட்டருக்குப் பட்டை போடச் சொன்னார்களாம். அந்தத் தரவின் அலகு டிகிரி என்பதால் மென்பொருள் 500 டிகிரிக்குப் போட்டுவிட்டது! பக்கத்துத் தாளில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 449 சதுர கிலோமீட்டர் என்று இருக்கிறது. உண்மையில் 426. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்க்கேட்டர் முறை நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும். நம் ஊர் இருக்கும் இடத்தில் அது சுமார் 5 சதவீதம். “சும்மாவே 23 சதுர கிலோமீட்டர் கிடைச்சுது சார், யாரும் பட்டா கேட்கல” என்று தம்பி சொல்ல, அறையே சிரிக்கிறது.

“சரி, ரன் பண்ணு” என்கிறார் அக்கா.

திரையில் கியூஜிஐஎஸ் திறந்திருக்கிறது. 2002-இல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் தொடங்கிவைத்து, இன்று உலகமெங்கும் தன்னார்வலர்கள் வளர்க்கும் இலவச மென்பொருள். கையால் ஆயிரம் முறை சொடுக்க வேண்டிய வேலையைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் நாற்பது வரி எழுதி அதையே செய்ய வைத்துவிடலாம். தம்பி பொத்தானை அமுக்குகிறான். எல்லோரும் முன்னால் சாய்கிறோம். வெள்ளைத் திரை. இன்னும் வெள்ளைத் திரை.

“எரர் வந்துச்சா?”

“இல்லக்கா.”

“அதான்டா பயமா இருக்கு.”

இங்கே ஒரு ரகசியம் தெரிந்துகொண்டேன். வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் தரவு அடுக்குக்கு லேயர் என்று பெயர். அது சரியாக ஏறாவிட்டால் இந்த மென்பொருள் ஸ்கிரிப்டை நிறுத்திக் கூச்சல் போடாது. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா மாதிரி வந்து உட்கார்ந்திருக்கும். பந்தியில் சாப்பிடாததை நாம்தான் கவனித்துக் கேட்க வேண்டும். அதனால் அக்கா போட்ட முதல் சட்டமே, எந்த லேயரை அழைத்தாலும் அடுத்த வரியில் ‘நீ செல்லுபடியாகிறாயா’ என்று கேட்டுவிட வேண்டும் என்பது. தம்பி கேட்கிறான். ‘இல்லை’ என்று பதில் வருகிறது. காரணம் கோப்பின் முகவரியில் ஒளிந்திருந்தது. விண்டோஸில் ஃபோல்டர்களைப் பிரிக்கும் சாய்கோட்டுக்கு அடுத்து ‘நியூ’ என்ற ஃபோல்டர். சாய்கோடும் அதை அடுத்த ‘என்’ எழுத்தும் சேர்ந்தால் ‘புது வரி தொடங்கு’ என்று பைத்தான் படித்துவிடும். முகவரி பாதியில் உடைந்துவிட்டது! மேற்கோள்குறிக்கு முன்னால் ‘ஆர்’ என்று ஓர் எழுத்தைப் போட்டதும் தெருக்கள் கொட்டுகின்றன. கைதட்டல். நானும் தட்டினேன்.

அடுத்து வார்டு எல்லைகள். இவை இந்தக் கணினியில் இல்லை. ஓர் இணையச் சேவையிலிருந்து நேராக வர வேண்டும். மாநகராட்சியின் 200 வார்டுகளும் வந்துவிட்டன, 200 என்று எண்ணிக்கையும் காட்டுகிறது. சென்னையின் மேல்தான் ஒன்றும் இல்லை. அக்கா லேயரின் மேல் வலது சொடுக்கு சொடுக்கி, ‘லேயர் இருக்கும் இடத்துக்குப் போ’ என்கிறார். திரை வடக்கே பறக்கிறது. இமயமலையைக் கடந்து, ரஷ்யாவைக் கடந்து, பனிக்கடலில் போய் நிற்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில், கோணல்மாணலாகத் திரும்பிப் படுத்திருக்கின்றன மயிலாப்பூரும் மாதவரமும்!

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சென்னை இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றினால் 80 டிகிரி வடக்கு, 13 டிகிரி கிழக்கு. வேறொன்றும் நடக்கவில்லை. பழைய சேவைகள் தீர்க்கரேகையை முதலில் தரும். புதிய பதிப்புகள் அட்சரேகையை முதலில் தரும். இவர்கள் எல்லோரும் நம்பியிருக்கும் ஜிடால் என்ற நிரல் நூலகமும் 2019-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் அதிகாரப்பூர்வ வரிசைக்கு மாறிக்கொண்டது. அதற்கு முன் எழுதிய ஸ்கிரிப்டுகள் பல இப்படித்தான் ஊரைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. தம்பி பழைய வரிசையையே பின்பற்றச் சொல்லி ஒரு வரி சேர்க்கிறான். மயிலாப்பூர் கடற்கரைக்குத் திரும்புகிறது. ஆர்க்டிக் படம் அச்செடுக்கப்பட்டு, சூடு ஆறும் முன்பே சுவருக்குப் போய்விட்டது.

டீ வந்துவிட்டது. இந்த நேரத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. நிவாரண முகாம்களின் முகவரிகளை ஆயத்தொலைவுகளாக மாற்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சேவையைக் கேட்கிறார்கள். அதன் விதிப்படி நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது. ஸ்கிரிப்டில் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ‘ஒரு நொடி தூங்கு’ என்று ஒரு வரி. 600 முகவரி என்றால் 10 நிமிடம், அதாவது ஒரு டீ, ஒரு வடை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தண்ணீர் நின்ற தெருக்களை இணைய வரைபடத்தில் மக்களே குறித்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் தனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததாக, டீயை ஊதிக்கொண்டே அக்கா சொல்கிறார்.

முடிவைப் பார்த்தால் ஒரு பள்ளிக்கூடம் மட்டும் ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில்! முகவரி கிடைக்காத இடத்தில் சுழியம், சுழியம் என்று விழுந்திருக்கிறது. இரண்டு சுழியங்களும் சந்திக்கும் அந்தக் கடலில் நிலமே கிடையாது. ஒரு வானிலை மிதவை நிறுத்தப்பட்ட இடம். வரைபடக்காரர்கள் அதற்கு ‘நல் ஐலண்ட்’ என்று பெயர் வைத்து உலகெங்கும் கொண்டாடுகிறார்கள்.

இதற்குள் சார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். “ஏம்மா, இது என்ன ஊரு, கோடம்ப?”

பார்க்கிறோம். கோடம்ப. வேளச்ச. திருவல. சைதாப். ஊர்ப் பெயர்களெல்லாம் பாதியில் நிற்கின்றன! 1990-களிலிருந்து புழங்கும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகையில் பெயருக்கு 20 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் அது 20 எழுத்து. தமிழில் அகர எழுத்தும் அதோடு சேரும் கொம்பும் புள்ளியும் ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். ஆறு குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். தம்பி மூலத் தரவிலிருந்து எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் என்ற புதிய வகையில் மறுபடி சேமிக்கிறான். திருவல்லிக்கேணி முழுதாக வந்ததும், தன் பெயரைத் திருத்திக் கொடுத்ததுபோல சார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

அவர் உட்காரவில்லை. வடிகால் கோடுகளின் மேல் விரல் நகர்கிறது. ஜன்னலுக்கு வெளியே பரங்கிமலை தெரிகிறது. 1802-இல் அந்த மலைப்பக்கத்தில்தான் வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளந்து தன் மாபெரும் நில அளவையைத் தொடங்கினார். சார் அந்தத் தொழிலின் வாரிசு. விரல் நின்றுவிட்டது.

“தெற்கே ஒண்ணுமே இல்லையே. பெருங்குடிப் பக்கம் கால்வா இருக்கு. நான் நடந்து அளந்தது.”

தம்பி அட்டவணையைத் திறக்கிறான். மொத்த வரிகள்: 1000. சரியாக 1000. அக்கா நெற்றியில் தட்டிக்கொள்கிறார். இப்படிக் கச்சிதமான எண்ணாக வந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்கிறார். வடிகால் தரவை அனுப்பும் இணைய வழங்கி ஒரு கேள்விக்கு 1000 வரிகளுக்கு மேல் தராது. மிச்சம் இருப்பதை ஸ்கிரிப்டும் கேட்கவில்லை. வந்த பதிலில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை, கோடுகள் அழகாகத்தான் இருந்தன. இந்தத் தாள் அப்படியே அச்சுக்குப் போயிருந்தால், தெற்கே இருப்பவர்கள் தங்கள் பகுதியில் வடிகாலே இல்லை என்று படித்திருப்பார்கள்.

இப்போது அறையில் வேகம் பிடிக்கிறது. ‘தீரும்வரை அடுத்த பக்கம் கேள்’ என்று தம்பி ஒரு சுற்று எழுதுகிறான். நடுவே ஒரு தடவை இணைப்பு அறுந்து, படபடவென்று சிவப்பு எழுத்து. மறுபடி அமுக்குகிறான். இரண்டாயிரம். மூவாயிரம். ஒவ்வொரு பக்கம் வரும்போதும் நீலக் கோடுகள் தெற்கே இறங்க, நாங்கள் எல்லோரும் திரையைச் சுற்றி நின்று சத்தமாகப் பெயர் சொல்கிறோம். “தரமணி வந்துச்சு!” “பெருங்குடி!” “சோழிங்கநல்லூர் வந்துடுச்சு!”

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெருங்குடியில் விரலை வைத்து, கால்வாய் வழியே மெதுவாகக் கீழே போகிறார். “இதான். இதான் அது. பிரிண்ட் போடு, நாளைக்கு நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன்” என்கிறார். தம்பி பிளாட்டருக்குப் புதுத் தாள் சுருளை மாட்ட ஓடுகிறான்.