வேனில் ஓடும் வியாபாரம்: மீதி எங்கே போகிறது?

கடை வைத்திருப்பவர் மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறார், மின்சாரப் பட்டியல் கட்டுகிறார். அவருடைய செலவு அவர் கண்முன்னே நிற்கிறது. வேனில் சரக்கேற்றி ஊர் ஊராக, சந்தை சந்தையாகச் சென்று விற்பவரோ, "எனக்குக் கடை வாடகை இல்லை, முற்பணம் இல்லை, வேன் இருக்கிறது, டீசல் அடித்தால் போதும்" என்கிறார். எமது சமூகத்தில் பல தலைமுறைகளாக நடந்துவரும் தொழில் இது. அன்று பொட்டணியைத் தோளில் சுமந்து சென்றார்கள், இன்று வேனில் செல்கிறார்கள். ஆனால் தோளுக்கு டயர் தேய்வதில்லை, ஒயில் மாற்ற வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காததனால், நன்றாக விற்பனையாகும்போதே முதலை இழப்பவர்கள் எம்மில் பலர்.

அக்குறணையைச் சேர்ந்த எனக்குத் தெரிந்த ஒருவர் ஆயத்த ஆடை, சாரம், பெட்ஷீட் வியாபாரம் செய்கிறார். திங்கள் சுபஹுத் தொழுகையோடு வேனை எடுப்பார். மாத்தளை, தம்புள்ளை, ஹபரண வழியாகப் பொலன்னறுவைப் பக்கம் போய், கதுருவெல, ஹிங்குராக்கொட, மெதிரிகிரிய என்று சந்தைகளிலும் உள்ளூர்க் கிராமங்களிலும் விற்று, வியாழன் இரவு வீடு திரும்புவார். நான்கு நாளும் வேன்தான் அவருக்குக் கடை, களஞ்சியம், படுக்கை. ஒருநாள் என்னிடம் வந்து, "யாவாரம் நல்லாத்தான் ஈக்குது நானா, ஆனா கையில ஒண்டும் நிக்குதில்ல" என்றார். அதற்கு முந்திய வாரம் அவருடைய வேனின் எஞ்சின் பழுதாகி மூன்று இலட்சத்துக்கு மேல் செலவாகியிருந்தது. அந்தப் பணத்தை அவர் எடுத்தது புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்திருந்த காசோலைக்காக வைத்திருந்த காசிலிருந்து. காசோலை திரும்பியது. பன்னிரண்டு வருடங்களாகக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர் முதன்முறையாக, "இனிக் காசு கொண்டுவந்து எடுங்க" என்று சொல்லிவிட்டார்.

எஞ்சின் பழுதானது விபத்தல்ல. அது எப்போதோ வரத்தான் போகிறது. அதற்கென்று ஒரு சதம்கூட ஒதுக்கப்படாமல் இருந்ததுதான் பிரச்சினை. இருவரும் ஒரு கொப்பியை எடுத்து உட்கார்ந்தோம். அந்தக் கணக்கையே இங்கு தருகிறேன். விளங்குவதற்கு இலகுவாகத் தொகைகளைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும், ஆகவே வாசகர்கள் தங்களுடைய தொகைகளைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் செலவு

ஒரு சுற்றுக்கு வேன் 480 கிலோமீற்றர் ஓடுகிறது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்றால் 48 லீற்றர் டீசல். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 14,400 ரூபா. உதவியாளுக்கு நாளொன்றுக்கு 3,000 வீதம் நான்கு நாளுக்கு 12,000. இந்த இரண்டையும் மட்டுமே நண்பர் செலவாக எழுதிவந்தார். மொத்தம் 26,400.

கையிலிருந்து போனவற்றை அவர் எழுதவில்லை. இருவருக்கும் சாப்பாடு, தேநீர், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 1,500. நான்கு நாளுக்கு அது 12,000. ஒரு இரவு அறையில் தங்க 3,000. சந்தை டிக்கட்டும் வாகனத் தரிப்பிடக் கட்டணமும் நாளுக்கு 500 வீதம் 2,000. தொலைபேசி ரீலோட் 600. இவற்றையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்குக் கையை விட்டுப் போகும் காசு 44,000 ரூபா.

கண்ணுக்குத் தெரியாத செலவு

இனித்தான் முக்கியமான பகுதி. நான்கு டயருக்கு 120,000 ரூபா, அவை 40,000 கிலோமீற்றர் ஓடும் என்றால் கிலோமீற்றருக்கு 3 ரூபா தேய்கிறது. ஒயில், பில்டர் மாற்ற 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை 20,000 ரூபா, அதாவது கிலோமீற்றருக்கு 4 ரூபா. பிரேக், கிளச், பற்றரி, சில்லறைப் பழுதுகளுக்கு நண்பரின் பழைய கராஜ் பில்களைக் கூட்டிப் பார்த்ததில் கிலோமீற்றருக்கு 8 ரூபா வந்தது. மொத்தம் 15 ரூபா. 480 கிலோமீற்றருக்கு 7,200.

அடுத்தது வேன் ஓடினாலும் நின்றாலும் வரும் செலவு. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், அதற்கு வேண்டிய புகைப் பரிசோதனை ஆகியவற்றுக்கு வருடத்துக்கு 96,000. மாதத்துக்கு 8,000. எஞ்சினைப் பிரித்துச் செய்யவும், என்றோ ஒருநாள் வேனை மாற்றவும் மாதம் 20,000. இரண்டும் 28,000. மாதத்துக்கு நான்கு சுற்று என்றால் சுற்றுக்கு 7,000. லீசிங்கில் வேன் எடுத்தவர்கள் தவணைக் காசையும் இதோடு சேர்க்க வேண்டும்.

"வேனை வித்தா வாங்கின காசு வரும்தானே?" என்று நண்பர் கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கும்வரை பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. அதனால் வாகனம் என்றால் விலை இறங்காத சொத்து என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆனால் வேனை விற்றுவிட்டு நீங்கள் நடந்து வியாபாரம் செய்யப் போவதில்லை. அதே சந்தையில் அதைவிட நல்ல வேனொன்றைக் கூடிய விலைக்கு வாங்க வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இன்றே ஒதுக்கியாக வேண்டும்.

ஆக ஒரு சுற்றின் உண்மையான செலவு 44,000 + 7,200 + 7,000 = 58,200 ரூபா. நண்பர் நினைத்திருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

முதல் கரைந்த விதம்

அவருடைய சராசரி விற்பனை சுற்றுக்கு 240,000. நூறு ரூபா விற்றால் 75 ரூபா சரக்கின் விலை, 25 ரூபா அவருக்கு. ஆகவே கிடைத்தது 60,000. அதில் டீசலும் கூலியும் 26,400 போக 33,600 இலாபம் என்று நினைத்து, வாரம் 25,000 ரூபாவை வீட்டுச் செலவுக்கு எடுத்தார். தான் சிக்கனமாகவே நடப்பதாகவும் நம்பினார்.

உண்மையில் 60,000 இல் 58,200 போனால் மீதி 1,800 மாத்திரமே. 25,000 எடுத்ததன் மூலம் ஒவ்வொரு வாரமும் 23,200 ரூபா முதலைத் தின்றிருக்கிறார். அதில் 9,000 சரக்குக் காசிலிருந்து போயிருக்கிறது. மீதி 14,200 வேனுக்கென்று ஒதுக்கியிருக்க வேண்டியது. வருடத்துக்கு 48 சுற்று என்று வைத்தால் பதினொரு இலட்சத்துக்கும் மேல்! கொப்பியைப் பார்த்தபடி அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இன்னொரு தவறும் எம்மவரிடம் உண்டு. 75 ரூபா சரக்குக்கு 25 வீதம் வைத்து விற்றால் 93.75 ரூபாதான் வரும். அப்போது விற்பனையில் உங்கள் பங்கு 25 வீதமல்ல, 20 வீதம். செலவுக்கு ஈடாக எவ்வளவு விற்க வேண்டும் என்று பார்க்கும்போது விற்ற விலையில் உள்ள வீதத்தையே எடுக்க வேண்டும். நண்பருடைய 58,200 ரூபா செலவுக்கு 232,800 ரூபா விற்றாக வேண்டும். அதன் பின்னர் விற்பதுதான் அவருடைய வீட்டுக்கு.

ஒரு கிராமம் இலாபமா, நட்டமா?

டீசல் கிலோமீற்றருக்கு 30 ரூபா, தேய்மானம் 15 ரூபா, மொத்தம் 45 ரூபா. இந்த ஒரு இலக்கத்தை மனதில் வைத்தால் பல கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். பிரதான பாதையிலிருந்து விலகி ஒரு கிராமத்துக்குப் போய்வர 60 கிலோமீற்றர் என்றால் 2,700 ரூபா செலவு. அதை எடுக்க மட்டும் அங்கே 10,800 ரூபாவுக்கு விற்க வேண்டும். அதற்குக் குறைவாக விற்கும் இடத்துக்கு வாரா வாரம் போவது, பழகிய முகங்களைப் பார்க்கப் போவதற்குச் சமம்.

நண்பர் இரண்டு கிராமங்களுக்குப் போக 80 கிலோமீற்றர் ஓடினார். செலவு 3,600. இரண்டிலும் சேர்த்து 8,000 ரூபாவுக்குத்தான் விற்பனை, கிடைத்தது 2,000. இப்போது அங்கே அறுவடைக் காலத்தில் மாத்திரம் போகிறார். பெரும்போக நெல் விற்றுக் காசு வரும் நாட்களிலும், அதையடுத்த சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரும், சிறுபோக அறுவடைக்குப் பின்னரும் அதே கிராமங்கள் நன்றாக வாங்குகின்றன. மழை மாதங்களில் கடன் கொப்பிதான் நிரம்பும்.

வேனில் சீவிப்பவருக்கு

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம். காலைச் சாப்பாட்டையும் தேநீரையும் தாங்களே தயாரித்ததால் நண்பருக்குச் சுற்றுக்கு 12,000 ஆக இருந்த செலவு 8,000 ஆகியது. ஆனால் துணி நிறைந்த வேனுக்குள் காஸ் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. வெளியில், காற்றோட்டமான இடத்தில் சமைக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு தூங்குவதும் உயிராபத்து. புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை.

அறைக்குக் கொடுக்கும் 3,000 ரூபாவை வெட்ட வேண்டாம் என்றே சொன்னேன். மூன்று இரவு வேனில் சுருண்டு படுத்தவர் நான்காம் நாள் தூக்கக் கலக்கத்தோடு ஸ்டியரிங் பிடிக்கிறார். அதிலும் ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் இடையில், மின்னேரியாப் பக்கம், இரவில் யானைகள் பாதையைக் கடக்கும். ஒரு விபத்து பத்து வருட அறை வாடகையை விழுங்கிவிடும்.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வாகனத்துக்குச் செய்த காப்புறுதி உள்ளே இருக்கும் சரக்கைத் தானாகக் காப்பதில்லை. வியாபாரத்துக்குப் பாவிக்கும் வேன் என்பதையும் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். நட்டஈடு கேட்கும் நாளில் விளக்கம் சொல்வதில் பயனில்லை.

வேன் நிற்கும் வாரங்கள்

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வருட ஆரம்பத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல், ஜூன் 26 ஆம் திகதி 460 ரூபாவானது. காசு இருந்தும் டீசல் இல்லாமல் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது வேனுக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். எமது நண்பரின் சுற்றுக்கு வேண்டியது 48 லீற்றர்! 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது டீசல் இருந்தது, பாதை இருக்கவில்லை. இப்படியான வாரங்களில் காப்புறுதியும் வீட்டு அடுப்பும் நிற்பதில்லை. ஆகவே நான்கு வார நிலையான செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமான தொகை தொடாத காசாக இருக்க வேண்டும். அதை ஒரே நாளில் சேர்க்க முடியாது. பெருநாள், புத்தாண்டு, நத்தார் போன்ற நல்ல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

டீசல் விலை மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கையும் மாற்றுங்கள். 300 ரூபா டீசல் 460 ஆனால் ஒரு சுற்றுக்கு 7,680 ரூபா கூடுகிறது. அதை ஈடுசெய்ய இன்னும் 30,720 ரூபாவுக்கு விற்க வேண்டும். விற்க முடியாவிட்டால் சுற்றைச் சுருக்க வேண்டும்.

மூன்று பைகள்

நண்பர் இப்போது செய்வது இதுதான். வியாழன் இரவு வீட்டுக்கு வந்ததும் விற்ற காசை எண்ணி, முதலில் சரக்கின் விலையை வேறாக வைக்கிறார். அது புறக்கோட்டைக்காரரின் காசு, அதைத் தொடுவதில்லை. அடுத்து அடுத்த சுற்றின் பயணச் செலவு. மூன்றாவதாக 13,000 ரூபாவை வேனுக்கென்று திறந்த வங்கிக் கணக்கில் வெள்ளிக்கிழமையே போடுகிறார். மீதிதான் வீட்டுக்கு. வேனில் ஒரு சிறிய கொப்பி இருக்கிறது. புறப்படும்போதும் வரும்போதும் மீற்றரில் உள்ள கிலோமீற்றர், அடித்த டீசல், ஒவ்வொரு சந்தையின் விற்பனை ஆகியவற்றை அதில் உதவியாள் எழுதுகிறார்.

சுற்று 480 கிலோமீற்றரிலிருந்து 400 ஆகக் குறைந்தது. செலவு 50,600 ஆனது. மிஞ்சிய நேரத்தில் பெரிய சந்தைகளில் கூடுதலாக நின்றதால் விற்பனை 270,000 ஐ எட்டியது. கிடைப்பது 67,500. மீதி 16,900. வீட்டுக்கு 15,000 எடுக்கிறார். முன்னர் எடுத்ததைவிட 10,000 குறைவு. வீட்டில் சொல்லச் சங்கடப்பட்டாராம். "அந்த இருபத்தஞ்சும் எங்கட காசில்லையே" என்று மனைவிக்குக் கொப்பியைக் காட்டியபோது அவர் உடனே விளங்கிக்கொண்டாராம்.

ஆறு மாதத்தின் பின் புறக்கோட்டை முதலாளி மீண்டும் கடனுக்குச் சரக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார், முன்பு கொடுத்ததில் பாதியளவு. மற்றப் பாதி இழந்த நம்பிக்கையின் விலை. அதை மீட்க இன்னும் காலம் எடுக்கும்.

வேன் வைத்திருக்கும் சகோதரர்கள் வரும் சுற்றுக்குப் புறப்படுமுன் மீற்றரைப் பார்த்து இலக்கத்தை எழுதிக்கொள்ளட்டும். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.