தினம் எவ்வளவு கடலை?



சாயந்தரம் வேலை முடிந்து அம்பகரத்தூர் கடைத்தெரு வழியாக வருகிறவர் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்குகிறார். வீடு வந்து சேர்வதற்குள் பொட்டலம் காலி! மீதி இருந்தாலும், "புள்ளத்தாச்சிக்குக் கடலை வேணாம், பித்தம் ஏறும்" என்று மாமியார் தடுத்துவிடுகிறார். யாருக்கு அது முதலில் போய்ச் சேர வேண்டுமோ, அவருக்குத்தான் கிடைப்பதில்லை.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 22 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏறத்தாழ 8 கிராம் இருக்கிறது. கரு வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் சத்தும் அதில் உண்டு. ஆனால் கடலை தின்றால் மட்டும் இரத்தம் ஊறிவிடாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச்சோகை. ஆகவே செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சரி, எவ்வளவு சாப்பிடலாம்? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுபவருக்குக் கொட்டைகளும் எள் போன்ற வித்துகளும் சேர்த்து நாளைக்கு 35 கிராம் என்று சொல்லியிருக்கிறது. அதாவது தோல் உரித்த பருப்பாக, பெரியவர் கைக்கு ஒரு கைப்பிடி நிறைய. மொத்த உணவின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. புருஷன், பெண்சாதி இருவருக்கும் மாதம் 2 கிலோ வாங்கினால் போதும்.

அதற்கு மேல் போனால்? கடலையில் 100-க்கு 40 பங்கு கொழுப்பு. வயிறு மந்தமாகும், உடம்பு போடும். பித்தம் என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த மந்தத்தைத்தான். அவித்தோ ஊறவைத்தோ, நன்றாக மென்று தின்றால் தொந்தரவு குறையும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்புக் கடலையைத் தவிர்க்கவும்.

முந்திரி, பாதாம் வாங்க முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம். புரதத்தில் வேர்க்கடலை முந்திரிக்குக் குறைந்ததல்ல. மைசூர் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் ஏழைக் குழந்தைகளுக்கென்று முன்பு தயாரித்த சத்துமாவில் முக்கால் பங்கு கடலை மாவுதான்! (பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கப்பல் கப்பலாகக் கடலை பிரான்சு நாட்டு மார்சேய் நகருக்குப் போனது. எண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் அவர்களுக்கு அது வேண்டியிருந்தது.) தேங்காயை மட்டும் கடலைக்கு ஈடாகக் கணக்குப் பண்ணாதீர்கள். அதில் புரதம் குறைவு. நெல் அறுத்த வயலில் தெளிக்கும் உளுந்தையும் பயறையும் விற்றுவிடாமல் வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். கடலை அவற்றுக்குப் பதில் அல்ல.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழலில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பொடித்து, வெல்லம் கலந்து கொடுக்கலாம். கடலை தின்றபின் உதடு வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், மூச்சு திணறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அவருக்கு மறுபடியும் கடலை வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்ம பக்கம் வீடெல்லாம் ஈரம். ஈரம் பட்ட கடலையில் பூசணம் பிடித்து 'அஃப்ளடாக்சின்' என்ற விஷம் உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் இது தெரிய வந்தது. இது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதும் போகாது. வெயிலில் நன்றாகக் காய்ந்த கடலையை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது என்றால் துப்பிவிடுங்கள். "காசு போட்டு வாங்கினது, மாட்டுக்காவது போடுவோம்" என்று போடாதீர்கள். விஷம் பால் வழியாக உங்கள் பிள்ளைக்கே வந்து சேரும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.